குள்ளநரியும் குடியானவரும்

(ஓசூர்ப் பகுதி விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் எழுதியது)

மேட்டு நிலத்தில் பயிர் செய்யும் நமது குடியானவர்களில் நரியை அறியாதவர் எவரும் இரார். ஆயினும், நரி என்னும் ஒரே பெயரால் வழங்கப்படும் பிராணிகள் இரண்டு உண்டு என்பதையும், அவற்றின் இருப்பிடமும் இரையும் நடத்தையும் வெவ்வேறானவை என்பதையும், ஒன்று செய்யும் சேதத்திற்காக மற்றொன்று தண்டனை அடைந்து வருகிறது என்பதையும் கவனித்தோர் மிகச் சிலரே. இவ்விரண்டில் சிறியதாகிய குள்ளநரியைப் பற்றியே இங்கு எழுதப்படுகிறது. இது காட்டுப் பிராணியாயினும் அடர்ந்த காட்டில் வாழ்வதன்று. குடியானவனுடைய கொல்லையிலும், கரம்பிலும், ஊர்ப் பொதுவான மேய்ச்சல் புறம்போக்கிலும் வாழ்வது. ஆகவே, இதன் க்ஷேமமும் நாசமும் பெரும்பாலும் நம்முடைய கையிலேயே இருக்கின்றன.

இரண்டு பிராணிகளும் பெயர்க் குழப்பமும்

தமிழில் பொதுவாய் நரி என்றால், அந்தி வேளையில் பல சேர்ந்து ஊளையிடும் பெரிய பிராணியையே குறிக்கும். அது நாய், ஓநாய் இவற்றின் இனத்தைச் சேர்ந்தது. குள்ளநரியோ மேனாடுகளில் கதைகளிற் புகழ்பெற்ற செந்நரியின் இனத்தைச் சேர்ந்தது. இதைச் சில இடங்களில் குழிநரி என்றும், சேலம் ஜில்லாவின் சில கிராமங்களில் வங்காநரி என்றும் சொல்லுகிறார்கள். வேறு சில ஊர்களில் ஊளையிடும் பெரிய நரியையே குள்ளநரி என்று அழைப்பதும் உண்டு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் நமது எல்லைப்புறத்திலோ குழப்பம் இன்னும் அதிகம். கன்னடத்திலும் நரி என்ற சொல்லே வழங்குகிறது. தெலுங்கில் நக்க என்றும் குண்டநக்க என்றும் கூறுவர். இக்கட்டுரையில் ஊளையிடும் பெரியதை நரி என்றும், சிறியதைக் குள்ளநரி என்றும் குறிப்பிடுவோம்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. நரி 8 முதல் 11 கிலோ வரை நிறையுள்ளது. அதன் வால் குட்டை. உடல் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இருக்கும். குள்ளநரி 2 முதல் 3 கிலோவுக்குச் சற்று மேல் வரையில்தான் நிறைக்கும். தலையும் உடலும் சேர்ந்து 18 முதல் 24 அங்குல நீளம். வால் மட்டும் 10 முதல் 14 அங்குலம். அதாவது உடலில் பாதிக்கு மேல். அவ்வால் அடர்ந்த மயிருடன் பருத்து, நுனியில் கறுத்திருக்கும். இந்தக் கறுத்த வால்நுனியே முதலாவது அடையாளம். காதுகள் முகத்திற்கு மிகப் பெரியவையாய், நிமிர்ந்து, பின்புறம் கருமை கலந்திருக்கும். உடல் சாம்பல் நிறம். மெல்லிய கால்கள் செம்பழுப்பு நிறம். சாதாரணமாய் நடக்கையில் வாலைத் தாழவிட்டுச் செல்லும். ஓடும்போது நேராக நீட்டிக்கொள்ளும். சடுதியில் திரும்பும்போது வாலைத் தூக்கித் திருப்பும்.

குரலும் வேறு. நரிகளின் ஊளை ஒரு மைல் தூரம் கேட்கும். குள்ளநரி அவ்விதம் ஊளையிடுவதில்லை. பல்லைக் கடகடவென்று தட்டினாற்போன்ற, விட்டுவிட்டுத் தொடரும் ஒரு கூவலே அதன் குரல். உறுமுதலும், முனகுதலும், சிறு குரைப்பும் உண்டு. ஆகையால் இரவில் ஊளை கேட்ட மறுநாள், கரம்பிலுள்ள சிறு வளையைத் தேடிப் போய்ப் புகை போடுவது, ஒருவன் செய்த குற்றத்திற்கு மற்றொருவன் வீட்டை இடிப்பதற்கு ஒப்பாகும்.

வசிக்கும் இடங்கள்

குள்ளநரி இந்திய உபகண்டத்திற்கே உரியது. இமயமலையின் அடிவாரம் முதல் தென்கோடி வரையிலும், பாகிஸ்தான், நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் சில பாகங்களிலும் உள்ளது. உலகத்தில் வேறெங்கும் இல்லை, இலங்கையிலும் இல்லை. காஷ்மீரத்தில் செந்நரியும், கச்சு, ராஜஸ்தான் பாலைகளில் பாலை நரியும் இருக்கின்றன. தமிழ்நாட்டிலோ இவ்வினத்தில் குள்ளநரி ஒன்றே.

அது விரும்பும் நிலம் எது? மழை குறைந்த, சமதரையான அல்லது மெல்ல ஏறியிறங்கும் திறந்த வெளி; கட்டையான புல்லும் ஆங்காங்கே இலந்தை, ஆவாரை, வேல் முதலிய புதர்களும் உள்ள கரம்பு. அடர்ந்த காட்டையும், செங்குத்தான மலையையும், ஆள் மறையும் உயரமான புல்லையும் அது தவிர்க்கும். தன் கண்ணாலும் காதாலும் தூரத்து ஆபத்தை அறிந்து வளைக்குள் ஒளிவதே அதன் பிழைப்பாதலால், பார்வையை மறைக்கும் இடம் அதற்கு ஒவ்வாது.

நமது பகுதியை இவ்வகையில் நோக்குவோம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப்பூமி கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பாக அமைந்துள்ளது. சூளகிரியைத் தாண்டி மேலுமலைச் சரிவில் இறங்கினால் கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கத்துத் தாழ்ந்த புன்செய்கள் வந்துவிடும். முன்பு சேலம் ஜில்லாவிலும், 1965 முதல் தருமபுரி ஜில்லாவிலும் அடங்கி, 2004-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவாகப் பிரிந்த இப்பிரதேசம், ராகி, கொள்ளு, அவரை, நிலக்கடலை ஆகியவை மானாவாரியாய் விளையும் மேட்டுக் கொல்லைகளும், கற்பாறைக் கரடுகளும், ஆட்டுமந்தைகள் மேயும் புறம்போக்குகளும் கலந்தது. மத்திகிரிக் கால்நடைப் பண்ணையைப் போன்ற விஸ்தாரமான மேய்ச்சல் வெளிகளும் உண்டு. குள்ளநரிக்கு ஏற்ற பூமி இதுவே.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துப் பெருங்காடுகள் 2014-ல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. யானைக்கும் சிறுத்தைக்கும் அது பெரும் புகலிடம். ஆனால் அடர்ந்த காடு குள்ளநரிக்கு வீடன்று. காட்டிற்கு எல்லைக்கல் நட்டுக் காவல் வைத்ததனால் குள்ளநரி காப்பாற்றப்பட்டுவிட்டது என்று எண்ணலாகாது. அதன் சரணாலயம் எல்லைக்கல்லுக்கு இப்பால், தரிசு என்றும் புறம்போக்கு என்றும் கணக்கில் எழுதப்பட்ட நிலத்திலே இருக்கிறது.

வளை அமைப்பு

குள்ளநரி தன் வளையைத் தானே தோண்டும். சில சமயம் பிற பிராணிகளின் பழைய வளையைப் பெரிதாக்கிக்கொள்வதும் உண்டு. ஓய்வெடுப்பதற்கென்று இரண்டு வாயில் மட்டுமுள்ள குறுகிய வளை ஒரு வகை. குட்டி போடுவதற்கான வளையோ பல வாயில்களும் கிளைகளும் கொண்டது. உள்ளறை தரைக்குக் கீழே 2 அல்லது 3 அடி ஆழத்தில் இருக்கும். ஒரு வாயிலை அடைத்தால் மற்றொன்றால் தப்புவதற்கே இவ்வேற்பாடு. ஒரே வளையை வருஷந்தோறும் தேடி வந்து புதுப்பித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆகையால் ஒரு வளையை அழிப்பதென்பது ஒரு வருஷத்துக் குட்டிகளை மட்டும் அழிப்பதாகாது.

மராட்டிய மாநிலம் சோலாப்பூர் ஜில்லாவிலுள்ள நன்னஜ் என்ற இடத்தில், புல்வெளியும் உழுநிலமும் கலந்த ஒரு பிரதேசத்தில், குள்ளநரி வளைகளைத் தேடிக் குறித்து 2013-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிடப்பட்டது. வளைகள் பெரும்பாலும் இயற்கைப் புல்வெளியிலேயே அமைந்திருந்தன. அதிலும் மண்கரைகள், கல்லும் மண்ணும் குவிந்த மேடுகள் ஆகியவற்றை அவை விரும்பித் தேர்ந்தெடுத்திருந்தன. இது நமக்கு முக்கியமான விஷயம். மண் அரிப்பைத் தடுக்கப் போட்ட கரையும், கொல்லையில் பொறுக்கிய கல்லைக் குவித்த மேடும் பக்கத்தில் புல்வெளி இருக்குமளவும் குள்ளநரிக்கு உதவும். புல்வெளி முழுவதும் மறைந்தபின் கரை மட்டும் மிஞ்சினால் பயனில்லை.

ஆகாரம்

குள்ளநரி எதையும் தின்னும் பிராணி. ஆனால் அதன் வாய்க்கும் வலிமைக்கும் அடங்கிய சிறு இரைகளையே நாடும். வெட்டுக்கிளி, பாச்சை, வண்டு, எறும்பு, கறையான், மழைக்குப் பின் புறப்படும் ஈசல், தேள், சிலந்தி ஆகிய சிற்றுயிர்கள் அதன் உணவிற் பெரும்பகுதி. அடுத்தது எலி வகை. வயல் சுண்டெலி, புல் எலி, வெள்ளெலி என்று நமது குடியானவர்கள் ராகிக் கொல்லையிலும் நிலக்கடலைக் கொல்லையிலும் வெறுப்புடன் பெயர் சொல்லும் அத்தனையும் அதற்கு விருந்தே. ஓணான், பாம்பு, தரையில் கூடு கட்டும் பறவைகள், அவற்றின் முட்டை, சில சமயம் முயல் ஆகியவற்றையும் பிடிக்கும். பழங்களில் இலந்தை, நாவல், ஆல், அத்தி, வேம்பு, உதிர்ந்த மாம்பழம் ஆகியவற்றைத் தின்னும். கடலைச் செடியின் காயையும், வெள்ளரி வகைப் பழங்களையும் சுவைப்பதுண்டு.

தமிழ்நாட்டில் இப்பிராணியைப் பற்றி முதன்முதலாக விரிவாய் ஆராய்ந்தோரில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏ. ஜே. டி. ஜான்சிங் என்பவர். அவருடைய கட்டுரை 1978-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. பின்னர் ஆந்திர தேசத்தில் அப்போது கர்நூல் ஜில்லாவிலிருந்த ரோலபாடு புல்வெளியில் நடந்த ஆராய்ச்சி 2000-ல் வெளியாயிற்று. எலிகள் பெருகிய காலத்தில் குள்ளநரிகளும் பெருகுவதும், எலி குறைந்தால் இவையும் குறைவதும் இவ்வாராய்ச்சிகளால் தெரியவருகின்றன.

இதிலிருந்து ஒரு விஷயத்தை நேர்மையாய்ச் சொல்லவேண்டும். குள்ளநரி ஒன்று இருந்தால் எலித் தொல்லையே இராது என்று எவரும் நம்பிவிட வேண்டாம். எலி பெருகும் வேகத்திற்கு எந்த ஒரு பிராணியும் தனியாக ஈடுகொடுக்க மாட்டாது. வரப்பைச் சிறிதாகக் கட்டுதல், அறுவடையானவுடன் வளை வெட்டுதல், களத்தையும் குதிரையும் எலி புகாமற் பாதுகாத்தல் ஆகிய வேலைகளை நாமேதான் செய்யவேண்டும். ஆனால் இரவு முழுவதும் கூலி கேளாமல், கொல்லையை வட்டமிட்டு எலியையும் வெட்டுக்கிளியையும் வண்டையும் பொறுக்கும் ஒரு வேலையாளை, ஆந்தையோடும் சாரைப்பாம்போடும் சேர்த்து எண்ணத்தக்க ஒரு துணையை, நாமாக விரட்டுவது புத்தியன்று.

இனவிருத்தியும் நமது பட்டங்களும்

ஆணும் பெண்ணும் ஜோடியாகவே வாழும். மார்கழி, தை மாதங்கள் சேரும் காலம். சினைக்காலம் 50 முதல் 53 நாள். மாசி, பங்குனியில் இரண்டு முதல் நான்கு குட்டிகள் வரை பிறக்கும். குட்டிகளுக்குத் தாய் மட்டுமின்றித் தந்தையும் இரை கொண்டுவந்து கொடுத்துக் காவலிருக்கும். மூன்று நான்கு மாதங்கள் வரை குட்டிகள் தாயையும் வளையையும் சார்ந்தே இருந்து, மழைக்காலத் தொடக்கத்தில் பிரிந்து போகும்.

இக்கணக்கை நமது சாகுபடிக் கணக்கோடு வைத்துப் பார்க்கவேண்டும். ஆடிப்பட்டத்து ராகி கார்த்திகை, மார்கழியில் அறுவடையாகிறது. அதன்பின் அவரையும் கொள்ளும் எடுத்தால், மாசி முதல் கொல்லை வெறுமையாகிறது. வரப்புத் திருத்துவதும், கரம்பை உடைப்பதும், இயந்திரத்தைக் கொண்டு மேடு தட்டுவதும், காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதும், கோடை உழவும் இந்த மாதங்களிலேதான் நடைபெறுகின்றன. அதாவது, குள்ளநரி கண் திறவாத குட்டிகளோடு வளைக்குள் இருக்கும் காலமும், நாம் வளையைக் கிளறும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. வேண்டுமென்று கொல்லாத குடியானவனும், அறியாமலே ஒரு குடும்பத்தை மண்ணுக்குள் மூடிவிடுகிறான். வளையுள்ள கரையை மட்டும் வைகாசி முடியும்வரை விட்டுவைத்து, ஆனி மாதத்தில் திருத்தினால், ஆடி விதைப்பும் தவறாது; உயிர்ச்சேதமும் நேராது.

சேதக் கணக்கு

குடியானவர்கள் சாதாரணமாய்ச் சொல்லும் குறைகளை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்வோம்.

ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது என்பது முதற்குறை. மூன்று கிலோ நிறையுள்ள பிராணிக்கு ஆட்டுக்குட்டியைக் கொன்று இழுத்துச் செல்லும் வலிமை இல்லை. நமது பகுதியில் இரவில் பட்டியில் புகுவது தெருநாயா, நரியா, காட்டோரங்களில் சிறுத்தையா என்று அடிச்சுவட்டையும் கடிவாயையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

கோழியைப் பிடிக்கிறது என்பது இரண்டாவது. இதில் சிறிது உண்மை உண்டு. வெளியே திரியும் கோழிக்குஞ்சு எதிர்ப்பட்டால் குள்ளநரி விடாது. ஆயினும் கீரியும், காட்டுப்பூனையும், நாயும் எடுப்பதை யெல்லாம் இதன் பேரில் எழுதலாகாது. அந்திக்கு முன் பஞ்சாரத்திலோ கூட்டிலோ கோழிகளை அடைத்தால் இக்குறை தீர்ந்துவிடும்.

நிலக்கடலையைத் தோண்டுகிறது, தர்ப்பூசணியைக் கடிக்கிறது என்பது மூன்றாவது. நிலக்கடலைக் கொல்லையில் பெருஞ்சேதம் செய்வன காட்டுப்பன்றியும் நரியும். பன்றி உழுதாற்போல் வரிசை வரிசையாய்ப் புரட்டிவிடும். அதைப் பார்த்தவுடனே கண்டுகொள்ளலாம். குள்ளநரி எங்கோ ஒரு காயைத் தின்றாலும், அக்கொல்லையில் அது தேடி வருவது பெரும்பாலும் வண்டும் எலியுமே.

வரவையும் செலவையும் கூட்டிப் பார்த்தால், இப்பிராணியால் நமக்கு அனுகூலமே மிஞ்சுகிறது. நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனாற் போதும் என்பது பழமொழி. குள்ளநரி மேலே விழாமற் போவதோடு, போகிற வழியில் எலியையும் பிடித்துக்கொண்டு போகிறது.

தற்காலத்திய ஆபத்துகள்

முதலாவது, நிலம் மாறுவது. 1970-க்குப் பின் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டு, மோட்டார் வாகனங்கள் முதலியவற்றைச் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் வந்தன. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி, ஆனேக்கல் வரையில் அதே நிலைமை. ஓசூர் 2019-ல் மாநகராட்சியும் ஆயிற்று. தொழில் வளர்ச்சியால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பதை ஒருவரும் குறை கூறமாட்டார். ஆயினும், தொழிற்சாலைக்கும் மனைப்பிரிவுக்கும் நிலம் தேடும்போது, முதன்முதல் கணக்கில் வருவது பயனற்ற தரிசு என்று எழுதப்பட்ட நிலமே. மந்தைக்கு மேய்ச்சலும், குட்டைக்கு நீர்வரத்தும், குள்ளநரிக்கு வீடுமாகிய அந்நிலம், எழுதியவர் கணக்கில்தான் பயனற்றது. லண்டன் முதலிய மேனாட்டு நகரங்களில் செந்நரி தெருக்களிலேயே குடியேறித் தோட்டங்களில் குட்டி போட்டு வாழ்கிறது. குள்ளநரி அவ்விதம் நகரவாசியாகும் தன்மையுடையதாய்க் காணவில்லை. திறந்த வெளி போனால் அதுவும் போய்விடும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் 44-ஆம் எண் தேசீய நெடுஞ்சாலை போன்ற அகன்ற சாலைகள், மிஞ்சிய வெளிகளையும் துண்டாக்கிவிடுகின்றன. இரவில் கடக்கும் பிராணிகள் வாகனத்தில் அடிபடுகின்றன.

இரண்டாவது, நாய். ஊர் பெருகினால் குப்பைமேடு பெருகுகிறது. இறைச்சிக் கழிவும் எச்சிற்சோறும் பெருகுகின்றன. அவற்றைத் தின்று கேட்பாரற்ற நாய்கள் பெருகுகின்றன. நன்னஜ் புல்வெளியில் 2009-ல் வெளியான ஒரு சோதனையில், நாய் அருகில் இருக்கும்போது குள்ளநரி இரையிருந்தும் நெருங்கி உண்ணாமல், சுற்றுமுற்றும் பார்ப்பதிலேயே காலம் போக்கியது காணப்பட்டது. நாய் கடிக்கவேண்டும் என்பதில்லை. நின்றாலே போதும், இதன் வயிறு காயும். மேலும் வெறிநோயும், டிஸ்டெம்பர் என்னும் கொள்ளைநோயும் நாயிடமிருந்து தாவக்கூடியவை. தெருநாய்களின் நோயும் குள்ளநரிகளின் நோயும் தொடர்புடையவை என்பது அதே பிரதேசத்து இரத்தப் பரிசோதனைகளாலும் தெளிவாயிற்று.

மூன்றாவது, விஷம். பன்றிக்கென்று வைக்கும் அவுட்டுக்காயும், நாய்க்கென்று இறைச்சியில் வைக்கும் விஷமும், வருகிற பிராணி எதுவென்று பார்ப்பதில்லை. மேய்ச்சல் மாடு அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறுவதும் இதனாலேயே. எலி மருந்திலும் ஜாக்கிரதை தேவை. புரோமோடயலோன் முதலிய, இரத்தத்தை உறையாமற் செய்யும் மருந்துகளைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரியும். அவ்வெலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் குள்ளநரியும் வீட்டுப் பூனையும் அதே விஷத்தால் கேடடையும். எலியைக் கொல்ல வைத்த மருந்து எலியின் சத்துருவையும் கொன்றால், அடுத்த போகத்தில் எலிக்கு யாரும் எதிரியில்லை.

நான்காவது, பழக்கவழக்கங்கள். நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று நம் ஜனங்கள் நம்புவர். சேலம் ஜில்லா வாழப்பாடியை அடுத்த சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி முதலிய கிராமங்களில், பொங்கலையொட்டி இப்பிராணியை வலை வைத்துப் பிடித்து, ஊர்வலமாய்க் கொண்டுவந்து, கோயில் முன் ஓடவிட்டுப் பின்னர்க் காட்டில் விடும் வழக்கம் நெடுநாளாய் இருந்து வந்துள்ளது. வனத்துறையினர் இதைத் தடுத்து, வழக்குப் பதிந்து அபராதமும் விதித்திருக்கின்றனர். அக்கிராமத்தார் பிராணியின் பேரில் வெறுப்புக் கொண்டு இதைச் செய்வதில்லை. விளைச்சலுக்கு நன்மை தருவது என்ற மதிப்பினாலேயே செய்கிறார்கள். அம்மதிப்பு சரியானதே. ஆனால் தை மாதத்தில் பிடிபடும் பெண் குள்ளநரி சினையாயிருக்கக்கூடும் என்பதை முன்னே கண்டோம். வலையில் சிக்கி, வாய் கட்டப்பட்டு, மேளச் சத்தத்தில் மிரண்ட பிராணியை மீண்டும் புதரில் விட்டாலும், அதன் குட்டிகள் பிழைக்குமென்று சொல்ல முடியாது. விளைச்சலுக்கு நன்மை வேண்டினால், மாசியில் குட்டிகள் சுகமாய்ப் பிறக்க விடுவதே அதற்கு வழி. நரிக்கொம்பு என்று சந்தையில் விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை: நரிக்கும் கொம்பில்லை, குள்ளநரிக்கும் கொம்பில்லை. எலும்பும் தோலும் மயிரும் கொண்டு செய்த பொருளுக்குப் பணம் கொடுப்பவர், ஒரு பிராணியின் சாவுக்கும் ஒரு மோசடிக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

1. கொல்லையிலோ புறம்போக்கிலோ குள்ளநரி வளை இருப்பது தெரிந்தால், தை முதல் வைகாசி வரையில் அதை வெட்டுதல், மூடுதல், புகை போடுதல் கூடாது. கரை திருத்தும் வேலையை ஆனியில் வைத்துக்கொள்க.

2. இயந்திரம் கொண்டு நிலம் சமன் செய்வதற்கு முன், ஓட்டுநரோடு ஒருமுறை நிலத்தைச் சுற்றிப் பார்க்க. வாயிலில் புது மண்ணும், நாயடி போன்ற சிறு சுவடும், இரை மிச்சமும் காணப்பட்டால் அவ்வளையில் குடியிருப்பு உண்டு.

3. காய்ந்த கரம்புப் புல்லுக்கு மொத்தமாய்த் தீ வைக்க வேண்டாம். புல் வேரோடு கருகினால் மண் அரிக்கும், மேய்ச்சலும் குறையும்.

4. எலி ஒழிப்பில் வளை வெட்டுதல், பொறி வைத்தல் ஆகியவற்றை முதலில் செய்க. மருந்து வைத்தே தீரவேண்டுமாயின் வளைக்குள்ளேயே வைத்து வாயை மூடுக. செத்த எலியையும் மீந்த மருந்தையும் அன்றாடம் பொறுக்கி ஆழப் புதைக்க.

5. அவுட்டுக்காய், விஷ இறைச்சி, கள்ள மின்வேலி ஆகியவற்றை அறவே விடுக. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நரியையும் குள்ளநரியையும் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாகும்.

6. காவல் நாய்களுக்கு வருஷந்தோறும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுவிக்க. கோழிக் கழிவையும் செத்த கால்நடையையும் வெளியிலெறியாமல் புதைக்க.

7. பட்டப்பகலில் அச்சமின்றி அருகே வரும், தள்ளாடும், வாயில் நுரை வடிக்கும் எந்த நரியையும் நெருங்க வேண்டாம். வனத்துறைக்கு உடனே தெரிவிக்க. எந்தப் பிராணி கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. பச்சிலையும் மந்திரமும் இந்நோய்க்கு மருந்தாகா.

8. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தைப் பற்றிக் கிராம சபையில் பேச்சு வரும்போது, அதைப் பயனற்ற நிலமென்று எவரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அதில் மேயும் ஆடு எத்தனை, அதிலிருந்து நீர் வரும் குட்டை எது, அதையடுத்த கொல்லைகள் எவை என்று எடுத்துச் சொல்லுக.

முடிவுரை

மண்ணும் மழையும் விதையும் எருவும் விவசாயத்தின் உறுப்புகள் என்பதை யாவரும் ஒப்புவர். கொல்லையைச் சூழ்ந்து வாழும் சிற்றுயிர்களும் அவ்வாறே ஓர் உறுப்பென்பது அவ்வளவாக உணரப்படவில்லை. குள்ளநரிக்கு நாம் தீவனம் போட வேண்டியதில்லை; தொழுவம் கட்ட வேண்டியதில்லை. அது கேட்பதெல்லாம் புல் நிறைந்த ஒரு கரம்பும், கலைக்கப்படாத ஒரு கரையும், கோடையில் நான்கு மாத அமைதியுமே. இவற்றைக் கொடுக்கும் நிலை இப்பகுதியில் இன்னும் பல கிராமங்களுக்கு உண்டு. புறம்போக்கு முழுவதும் மதிற்சுவருக்குள் அடங்கிவிட்ட பின்னர் அதைக் கொடுக்க விரும்பினாலும் இடம் இராது. ஆகையால், இவ்வருஷத்துக் கோடை உழவுக்கு ஏர் பூட்டுவதற்கு முன்பே நமது குடியானவர்கள் இவ்விஷயத்தில் கவனம் செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.